மறைவு தேதி இல்லாத காண்டாமிருகம்

வடமணலி,
குடவாசல் வழி.
30.09.2025, செவ்வாய், புரட்டாசி 14

அன்பு மகன் அரவிந்தனுக்கு, அம்மா சாவித்திரி மனசு நிறைய ஆசீர்வாதம் சொல்ல, உன் தங்கை குந்தவை கையால் எழுதுவது. என் வலது மணிக்கட்டு ஒன்றைத் தவிர இங்கே எல்லோரும் சுகம், அங்கே நீ ஒரு கீறல் இல்லாமல் முழுசாக இருக்கிறாய் என்று உன் வாயால் கேட்டால்தான் எனக்குச் சோறு இறங்கும். மணிக்கட்டு என்றதும் பதறாதே. ரோட்டில் காயப்போட்ட நெல்லைத் தள்ளிக்கொண்டிருந்தபோது நெல்லிலேயே வழுக்கி விழுந்து கையை ஊன்றிவிட்டேன், கட்டுப் போட்டுப் பதினைந்து நாளாகிறது, இன்னும் ஒரு மாதத்தில் பிரித்துவிடுவார்கள். போனில் சொன்னால் நீ வேலையில் கவனம் இல்லாமல் இதையே நினைத்துக்கொண்டிருப்பாய் என்று சொல்லவில்லை. குறுவை அறுத்தாகிவிட்டது. மிஷின் வந்து அரை நாளில் முடித்தது, ஆனால் இரண்டு சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டு, ஈரப்பதம் பதினேழுக்குக் கீழே இறங்குவேனா என்று அடம்பிடித்தது, உன் அப்பா கொள்முதல் நிலையத்துக்கும் வீட்டுக்கும் நடந்தே இளைத்துவிட்டார். போன சனிக்கிழமை கடைசி மூட்டையும் எடுத்துக்கொண்டார்கள். சம்பாவுக்கு நாற்று விட்டாயிற்று, வாய்க்காலில் தண்ணீர் முட்ட ஓடுகிறது. சமையல் இப்போது அப்பாதான், அவர் வைக்கிற ரசத்தில் முகம் பார்க்கலாம். நீ அந்தக் காண்டாமிருகங்களுக்குக் கிட்டே போகாதே, வேலிக் கம்பியைத் தொடுவதற்கு முன் கரண்ட்டை நிறுத்தியாயிற்றா என்று இரண்டு தடவை பார், சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளி. உன்னிடம் சொல்ல வேண்டிய பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. அதை நான் சொன்னால் கோபம் வருமா சிரிப்பு வருமா என்று எனக்கே தெரியவில்லை, அதனால் செய்தவளே எழுதட்டும் என்று விட்டுவிடுகிறேன்.

அண்ணா, இதற்கு மேல் நான் குந்தவை. அம்மா எதிரிலேயே உட்கார்ந்து ஒற்றைக் கையால் கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறார், நான் எதையாவது விட்டால் கண்டுபிடித்துவிடுவார், ஆகவே எதையும் விடாமல் எழுதுகிறேன். கூத்தாநல்லூர் உபைதுல்லா அண்ணன் வியாழக்கிழமை நைரோபிக்குத் திரும்புகிறார், பார்சலோடு கடிதத்தையும் கொண்டுபோய்ச் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். நாளைக்குச் சரஸ்வதி பூஜை, புத்தகம் நோட்டு பேனா எல்லாவற்றையும் பூஜையில் வைத்துவிட்டால் மறுநாள் எடுக்கும் வரை தொடக் கூடாது, அதனால் இன்றைக்கே முடித்தாக வேண்டும். போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டபோது நாங்கள் பாபநாசம் பஸ்ஸில் இருந்தோம், அப்பா வழக்கம்போல ஸ்பீக்கரில் போட்டு, நல்லா இருக்கோம் நல்லா இருக்கோம் என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி கத்தினார், அதற்குள் லைன் அறுந்துவிட்டது. நாங்கள் ஏன் அந்த பஸ்ஸில் இருந்தோம் என்பதுதான் விஷயம். சுருக்கமாகச் சொன்னால் உன் கல்யாணத்தை நான் நிறுத்தப் பார்த்தேன். தெரியாமல்தான். ஒரு ஃபிளெக்ஸ் வைத்து.

செப்டம்பர் இருபத்திரண்டு உலகக் காண்டாமிருக தினம். எங்கள் பள்ளிப் பசுமைப் படைக்கு இந்த வருஷம் நான்தான் செயலாளர், பொறுப்பு மதுரம் டீச்சர். டீச்சர் ஓவியப் போட்டி வைக்கலாம் என்றார். நான், ஓவியத்தை நாமே வரைஞ்சு நாமே பார்த்துக்குவோம் டீச்சர், நம்ம ஊர்ல எல்லாரும் நின்னு படிக்கறது ஒண்ணே ஒண்ணுதான், கண்ணீர் அஞ்சலி போர்டு, என்றேன். உனக்குத்தான் தெரியுமே, சுண்டல் மடித்த காகிதத்தைக்கூடப் பிரித்துப் படிக்கிறவள் நான், பஸ்ஸுக்கு நிற்கும்போது அந்த போர்டுகளில் ஒரு எழுத்தை விட மாட்டேன், எத்தனை வயது, எந்த மருமகன் பெயர் முதலில், எந்தப் பேரன் சிங்கப்பூரில். நான் மட்டுமில்லை, அதைப் படிக்காமல் யாரும் தாண்டிப் போவதில்லை. டீச்சர், வையி, ஆனா விஷயம் சரியா இருக்கணும், என்றார். அந்தக் கடைசி வார்த்தையைத்தான் நான் கோட்டை விட்டேன்.

நோட்டில் விஷயம் சரியாகத்தான் இருந்தது. கருப்புக் காண்டாமிருகம் என்பது ஒரே இனம், ஆனால் அதற்குள் நான்கு துணையினங்கள். நீ இருக்கும் காட்டில் உள்ளது கிழக்குத் துணையினம். மேற்கு ஆப்பிரிக்கத் துணையினம் என்று ஒன்று தனியாக இருந்தது, கொம்புக்காகச் சுட்டுச் சுட்டுக் கடைசியில் கேமரூன் நாட்டில் மட்டும் சில மிஞ்சின. இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு ஆட்கள் மாதக்கணக்கில் காடெல்லாம் நடந்து தேடினார்கள், ஒரு காலடித் தடம் இல்லை, ஒரு சாணி இல்லை. அதற்கப்புறமும் ஐந்து வருஷம் பொறுத்திருந்து இரண்டாயிரத்துப் பதினொன்றில், இனி இல்லை என்று அறிவித்தார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தப் பழைய அறிவிப்பு சில வருஷத்துக்கு ஒரு முறை நேற்று நடந்தது மாதிரி புதிதாகக் கிளம்பி எல்லோர் போனுக்கும் வருகிறது, வரும்போது மேற்கு என்ற சொல் எங்கோ வழியில் விழுந்துவிடுகிறது. இதைப் பற்றி நான் இரண்டு பக்கம் எழுதியிருந்தேன், மக்கள் எப்படி ஏமாறுகிறார்கள் என்று. அதே தப்பை நானே செய்வேன் என்று எழுதும்போது தோன்றவில்லை.

குடவாசல் கடைத்தெருவில் ஜெக்கரியா அண்ணன் ஃபிளெக்ஸ் கடை இருக்கிறதல்லவா, அங்கே போனேன். அவர் கம்ப்யூட்டரில் அஞ்சலி போர்டு தயாராகவே இருக்கும், இரண்டு பக்கமும் விளக்கு, மேலே இரண்டு கண், அதில் இருந்து ஒரு சொட்டு, நடுவில் போட்டோவுக்கு வட்டம், கீழே தோற்றம், மறைவு. அவர் பெயர் கேட்டார், சொன்னேன். மேற்கு ஆப்பிரிக்கக் கருப்புக் காண்டாமிருகம் என்று அடித்துப் பார்த்தால் எழுத்து எறும்பு மாதிரி வந்தது. இது பஸ்ல போறவனுக்குத் தெரியாதும்மா, ஊர் பேரெல்லாம் எதுக்கு, இன்னாருன்னு தெரிஞ்சாப் போதாதா, என்று முதல் இரண்டு சொல்லை எடுத்துவிட்டார். எழுத்து பளிச்சென்று பெரிதாகிவிட்டது. தோற்றம் கேட்டார், பல லட்சம் ஆண்டுகளுக்கு முன் என்றேன், அப்படியே அடித்துக்கொண்டார். மறைவு கேட்டார். கடைசி ஒன்று எந்த நாளில் போனது என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது. அதைச் சொன்னேன். அவர், மறைவு இல்லாம அஞ்சலி போட்டா போலீஸ் கேசாயிடும்மா, காலியா விட்டா அசிங்கமா இருக்கும், என்று நிகழ்ச்சி தேதியையே போட்டுவிட்டார், 22.09.2025. போட்டோவுக்கு நீ அனுப்பியவற்றைக் காட்டினேன், எல்லாவற்றிலும் தூரத்தில் ஒரு புள்ளி, பெரிதாக்கினால் பாறை. அவரே நெட்டில் தேடி ஒன்றை எடுத்தார். கருப்புங்கறே, இது சாம்பலா இருக்கே, என்றார். கருப்புக் காண்டாமிருகமும் சாம்பல் நிறம்தான், வெள்ளைக் காண்டாமிருகமும் சாம்பல் நிறம்தான் என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள், பரவால்ல, கொஞ்சம் கருப்பாக்கிடறேன், என்று கருப்பாக்கிவிட்டார். இதையெல்லாம் நான் தடுத்திருக்க வேண்டும். ஏன் தடுக்கவில்லை என்றால், அந்த நேரத்தில் திரையில் கீழ்ப் பக்கம் துயருறும் பசுமைப் படையினர் என்று போட்டு அதன் கீழே என் போட்டோவும், ப. குந்தவை, செயலாளர் என்று என் பெயரும் வந்துவிட்டது. அதைத் தவிர வேறு எதுவும் என் கண்ணுக்குத் தெரியவில்லை. அம்மா இதை அப்படியே எழுதச் சொன்னார்.

திங்கட்கிழமை காலையில் குடவாசல் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே பள்ளிச் சுவர் ஓரமாகக் கட்டினோம். அண்ணா, நீ பார்த்திருக்க வேண்டும். பரீட்சை மணி அடிப்பதற்குள் நாற்பத்தொரு பேர் நின்று படித்தார்கள், நான் விரல் விட்டு எண்ணினேன். மினி பஸ் டிரைவர் வேகத்தைக் குறைத்தார். பூ விற்கிற பொன்னுத்தாய் அக்கா, யாரா இருந்தா என்ன, பெரிய உசுரு, என்று சொல்லி ஒரு முழம் சாமந்தியை மாலையாக்கிப் போட்டுவிட்டுப் போனார். டீக்கடையில் ஒரே விவாதம். ஒருவர் இது வண்டலூரில் இருந்ததுதான், நான் குழந்தைகளைக் கூட்டிப்போய்க் காட்டினேன் என்றார். இன்னொருவர், அது செத்து ஏழு வருஷம் ஆச்சுய்யா, அப்பவே போன்ல வந்துச்சே, ஒருத்தன் அது கழுத்தைக் கட்டிக்கிட்டு அழுவான், என்றார். அவர் சொன்னது வேறு, வடக்கு வெள்ளைக் காண்டாமிருகத்தின் கடைசி ஆண், நீ இருக்கும் நாட்டில்தான் இரண்டாயிரத்துப் பதினெட்டில் இறந்தது, அதில் இரண்டு பெண்கள் மட்டும் இன்னும் இருக்கின்றன. மூன்றாமவர், அப்ப இனிமே உலகத்துல காண்டாமிருகமே கிடையாதா, என்றார், எல்லோரும் கிடையாது என்று ஒத்துக்கொண்டு டீயைக் குடித்தார்கள். அப்போதே போய்த் திருத்தியிருக்கலாம். ஆனாலும் நாற்பத்தொன்று என்ற எண் மண்டைக்குள் மணி மாதிரி அடித்துக்கொண்டிருந்ததால் பரீட்சை எழுதப் போய்விட்டேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் அப்பாவுக்கு போன் வந்தது. பாபநாசம் முருகையன் மாமா, அதாவது உனக்குப் பேசியிருக்கிற மங்களாம்பிகையின் அப்பா. அப்பா ஸ்பீக்கரில் போட்டார். மாமா முதலில் மழை பற்றி விசாரித்தார், அம்மா கையைப் பற்றி விசாரித்தார், அப்புறம், சம்பந்தி, மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க, ஐப்பசியில நிச்சயம்னு பேசினதைக் கொஞ்சம் தள்ளி வைப்போம், பொண்ணைப் பெத்தவன் யோசிக்கணுமில்ல, என்றார். அப்பா, ஜாதகமெல்லாம் பார்த்தாச்சேங்க, என்றார். ஜாதகம் இல்லீங்க, மாப்பிள்ளை வேலை பார்க்கற பண்ணையில மிருகமே இல்லைன்னு ஆயிப்போச்சு, உள்ள மிருகம் இல்லாத எடத்துல வேலிக்கு எதுக்கு ஆளு, நாளைக்கே அனுப்பிட மாட்டானா, என்றார் மாமா. யாருங்க சொன்னது இப்படி, என்று அப்பா சிரிக்கப் பார்த்தார். யாரா, அக்கா வீட்டுக்கு குடவாசல் வந்தேன், பஸ் ஸ்டாப்புல போர்டு வச்சு மாலை போட்டிருக்கு, கீழ உங்க வீட்டுப் பொண்ணு போட்டோ, அது அண்ணன் வேலை போனது அதுக்குத் தெரியாதா, நீங்க ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருக்கலாம் சம்பந்தி, மறைச்சிட்டீங்களே, என்றார். அப்பா யாரிடமும் எதையும் மறைத்தார் என்று பெயர் வாங்கியதில்லை. போனை வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் மாட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா மட்டும் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, நாப்பத்தொரு பேர் நின்னு படிச்சாங்கன்னு எண்ணினியே, அதுல இவரை எண்ணினியா, என்று கேட்டார். நான் அன்று சாப்பிடவில்லை என்று எழுதலாம் என்று பார்த்தேன், ஆனால் சாப்பிட்டேன், அம்மா எதிரில் இருக்கிறார்.

மறுநாள் பரீட்சை முடிந்ததும் போர்டுக்கு எதிரே போய் நின்றேன், முதல் தடவையாக எனக்குத் தெரியாத யாரோ வைத்த போர்டு மாதிரி படித்தேன். பெயர் தப்பு. தேதி தப்பு. அப்புறம் போட்டோவைப் பார்த்தேன். ஒரே கொம்பு. ஆப்பிரிக்கக் காண்டாமிருகத்துக்கு இரண்டு கொம்பு, ஒற்றைக் கொம்பு நம் அஸ்ஸாமில் இருப்பது, உலகத்தில் மொத்தம் நாலாயிரத்துக்கு மேல் இருக்கின்றன. உயிரோடு இருக்கிற ஒன்றைக் கருப்பாக்கி அதற்கு மாலையும் போட்டிருக்கிறோம். டீச்சரிடம் ஓடினேன். டீச்சர் திட்டவில்லை, மாலையை அவரே கழற்றிவிட்டு, இதை யாரெல்லாம் நம்பினாங்களோ அவங்க கிட்டயெல்லாம் நீதான் போய்ச் சொல்லணும், என்றார். எல்லோரையும் எனக்குத் தெரியாது, ஒருவரைத் தெரியும் என்றேன்.

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை பாபநாசம் பஸ். அம்மாவால் கட்டுப் போட்ட கையோடு வர முடியவில்லை, நானும் அப்பாவும் போனோம். மாமாவின் உரக்கடை உனக்குத் தெரியும், உள்ளே நுழைந்தாலே யூரியா வாசனை மூக்கில் ஏறும். விதை மூட்டைகளுக்கு நடுவே மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். வாங்க என்றார், ஆனால் அந்த வாங்கவில் சம்பந்தி இல்லை. நான் அப்பாவைப் பேசவிடவில்லை. மாமா, போர்டு எழுதினது நான்தான், தப்பா எழுதிட்டேன், என்று ஆரம்பித்து நோட்டைப் பிரித்து முதல் பக்கத்திலிருந்து படித்தேன். நான்கு துணையினம், கேமரூன், காலடித் தடம், எல்லாம். அவர் புதுப் பூச்சிமருந்து விற்க வந்தவனைப் பார்ப்பது போலவே பார்த்துக்கொண்டிருந்தார். முடித்ததும் கண்ணாடியைக் கீழே இறக்கி, அட, ஒரு ரகம் போச்சு, மத்த ரகம் இருக்கு, அவ்வளவுதானே, நம்ம சி.ஆர். ஆயிரத்தொம்பது ரகம் நாளைக்கு இல்லாமப் போனா நெல்லுக்கே கண்ணீர் அஞ்சலின்னு போர்டு வைப்பியா, என்றார். நான் செஞ்சது அதேதான் மாமா, என்றேன். கடையில் உரம் வாங்க வந்த இரண்டு பேர் சிரித்தார்கள், மாமாவும் சிரித்தார், அப்பாவுக்கு முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அப்பா என் காலை மிதித்து நிறுத்தச் சொன்னார். ஆனால் அண்ணா, நிறுத்தினால் அதுவும் ஒரு சொல்லை எடுத்துவிட்டு எழுத்தைப் பெரிதாக்குகிற மாதிரிதானே. நான், ஆனா நெல்லு மாதிரி முழுசா இல்ல மாமா, என்றேன். ஒரு நெல் ரகம் நின்று போனாலும் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு கை விதை வைத்திருப்பார்கள், திரும்ப விதைத்துக்கொள்ளலாம், இதற்கு எந்த ஊரிலும் அந்த ஒரு கை இல்லை என்றேன்.

மாமா சிரிப்பதை நிறுத்திவிட்டார். விதைக்குக்கூட ஒண்ணு வைக்கலியா, என்றார். கேட்ட விதம், யாரோ தெரிந்தவர் வீட்டில் நடந்த தப்பைக் கேட்பது மாதிரி இருந்தது. வைக்கணும்னு நினைச்சிருப்பாங்க மாமா, எண்ணிப் பார்க்கறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு, என்றேன். மீதி இருக்கறது எவ்வளவு என்றார். மற்ற மூன்றும் சேர்த்து ஆறாயிரத்துக்குச் சற்று மேல், முப்பது வருஷத்துக்கு முன்னால் இரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் கீழே போய், வேலி போட்டுக் காவல் வைத்த பிறகுதான் ஏறியது, அண்ணன் வேலை பார்க்கும் இடத்தில் ஆவணி மாதம்கூட ஒரு கன்று பிறந்தது என்றேன். வேலி யாரு பார்க்கறது, என்றார், தெரிந்துகொண்டே. ராத்திரி பகல் கரண்ட் நிற்காமல் அண்ணன்தான் பார்த்துக்கொள்கிறான் என்றேன். உடனே மாமா அப்பா பக்கம் திரும்பிக்கொண்டார். ஏன் சம்பந்தி, காண்டாமிருகப் பண்ணையில கரண்ட் வேலைன்னீங்க, நான் என்னமோ கோழிப்பண்ணை மாதிரி இன்னைக்கு இருக்கும் நாளைக்கு மூடிடுவான்னுல்ல நினைச்சேன், மாப்பிள்ளை விதைக்கோட்டைக்குக் காவல் இருக்காருன்னு சொல்லியிருந்தா நான் பாட்டுக்குத் தூங்கியிருப்பேனே, என்றார். வைக்கோல் பிரி சுற்றிச் சாணி மெழுகி விதைநெல்லைக் கட்டி வைப்பார்களே, அதைத்தான் சொன்னார். அண்ணா, மூன்று நாளாக நோட்டு நோட்டாக எழுதி எனக்குக் கிடைக்காத வார்த்தை அவருக்கு ஒரு நிமிஷத்தில் கிடைத்துவிட்டது. பஸ்ஸிலேயே அதை நோட்டில் குறித்துக்கொண்டேன்.

அப்புறம் உள்ளே கூட்டிப்போய்ச் சாப்பாடு போட்டார்கள், சம்பந்தி திரும்பி வந்துவிட்டது. மங்களா அக்காதான் பரிமாறினார். கும்பகோணத்தில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவர் அல்லவா, எதையும் பெரிதாக்கிப் பார்த்துத்தான் பழக்கமாம், அவர் அப்பா போனில் எடுத்து வந்த போர்டு படத்தை அன்றைக்கே விரலால் இழுத்துப் பார்த்துவிட்டாராம். எனக்குக் கூட்டு வைத்துக்கொண்டே, செத்தது ஒண்ணு, படத்துல இருக்கறது ஒண்ணு, செத்த நாளு வேற எதோ ஒண்ணு, போர்டுல சரியா இருந்தது உன் பேரு மட்டுந்தான் குந்தவை, என்றார். ஒத்தைக் கொம்பு அஸ்ஸாம்ல இருக்கறதுன்னு நான் அன்னைக்கே சொன்னேன், இவங்க கேட்டாத்தானே, என்று மாமாவைப் பார்த்தார். மாமா, நீ கொம்பைப் பார்த்தே, நான் மாலையைப் பார்த்தேன், என்றார். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப் போயிற்று அண்ணா. இனிமேல் நான் எழுதும் எதையும் ஒட்டுவதற்கு முன் அவரிடம் காட்டலாம் என்று இருக்கிறேன்.

நேற்று ஜெக்கரியா அண்ணனைக் கூட்டிப்போய் போர்டைக் கழற்றினேன். அவர், இத்தனை வருஷத் தொழில்ல செத்தவங்க யாரும் திருத்தம் கேட்டு வந்ததில்ல, உன் காண்டாமிருகந்தான் முதல்ல, என்று புலம்பினார், ஆனால் வேறு போர்டு போட்டுத் தருவதாக அவரே ஒத்துக்கொண்டார், எழுத்து எறும்பு மாதிரி வந்தாலும் ஒரு சொல்லைக்கூட எடுப்பதில்லை என்ற நிபந்தனையுடன். வாசகம் எழுதிவிட்டேன். மேற்கு ஆப்பிரிக்கக் கருப்புக் காண்டாமிருகம். மறைவு என்ற இடத்தில், யாரும் பார்க்கவில்லை. அதன் கீழே, மற்ற கருப்புக் காண்டாமிருகங்கள் ஆறாயிரத்துக்கு மேல் நலமாக உள்ளன, விதைக்கு வையுங்கள். டீச்சர் படித்துவிட்டு, மூன்றாவது வரியை யார் சொன்னது என்று கேட்டார், பாபநாசத்தில் ஓர் உரக்கடைக்காரர் என்றேன். மூங்கில் சட்டம் சுவரில் அப்படியே நிற்கிறது. படத்துக்குத்தான் இடம் காலி. அந்தக் கன்றும் தாயும் சேர்ந்து நிற்கிற மாதிரி, தாய்க்கு இரண்டு கொம்பும் தெரிகிற மாதிரி, நீயே எடுத்து அனுப்பு. கிட்டே போகாதே என்று அம்மா சொன்னதை மீறாமல் எப்படி எடுப்பது என்று நீதான் யோசிக்க வேண்டும். பழைய ஃபிளெக்ஸை அப்பா கொண்டுவந்துவிட்டார், நல்ல கெட்டித் துணி, எதுக்கு வீணாக்கணும் என்று வைக்கோல் போர் மேல் போர்த்தியிருக்கிறார். நேற்று மழைக்கு ஒரு சொட்டு இறங்கவில்லை. பக்கத்து வயல்காரர்கள் வந்து அஸ்ஸாம் காண்டாமிருகத்தையும் என்னையும் சேர்த்துப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அம்மா போதும் என்கிறார், மறுபடி அவர் சொல்ல நான் எழுதுகிறேன்.

அரவிந்தா, கேட்டாயா உன் தங்கை செய்ததை. போன மானத்தை அவளே போய்த் திரும்ப வாங்கி வந்துவிட்டாள், அதனால் நீயும் அவளைத் திட்டாதே, நான் ஏற்கெனவே வேண்டிய அளவு திட்டிவிட்டேன். நிச்சயம் ஐப்பசி இருபத்து மூன்று, ஞாயிற்றுக்கிழமை, பாபநாசத்தில் அவர்கள் வீட்டிலேயே. நாலு நாள் முன்னதாகவே வந்து சேர், லீவை இன்றைக்கே எழுதிக் கொடு, வேலியை யாராவது பொறுப்பான ஆளிடம் ஒப்படைத்துவிட்டு வா, சம்பந்தி உன்னை நம்பி இருப்பது அதற்காகத்தான் என்று இப்போது தெரிந்துவிட்டது. பார்சலில் வடகமும் பருப்புப்பொடியும் இருக்கிறது, உபைதுல்லாவுக்கும் பங்கு கொடு. நம் குலதெய்வம் உனக்கும் உன் காவலில் இருக்கிற அந்த வாயில்லா ஜீவன்களுக்கும் துணை இருக்கட்டும். என்னால் முடிந்தவரை இடது கையால் கையெழுத்து போடுகிறேன், கோணலாக இருக்கிறதே என்று பயப்படாதே, கை கோணவில்லை, எழுத்துதான்.

இப்படிக்கு
உன் வரவை எண்ணியிருக்கும் அம்மா,
சாவித்திரி பஞ்சநதம்

அண்ணா, அம்மா கையெழுத்து போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார், இது மட்டும் என்னுடையது. பாபநாசத்தில் நாங்கள் கிளம்பும்போது மங்களா அக்கா பஸ் ஸ்டாண்டு வரை வந்து, யாருக்கும் தெரியாமல் என் நோட்டுக்குள் ஒரு காகிதத்தை வைத்தார். உங்க அண்ணன் கிட்ட ஒண்ணு கேட்கணும், போன்ல கேட்டா உங்க அப்பா ஸ்பீக்கர்ல போடுவாரு, நீ கடிதத்தோட வச்சு அனுப்பு, என்றார். இரண்டு நாளாக அது என் நோட்டில் இருக்கிறது. நாளைக்கு நோட்டைப் பூஜையில் வைக்க வேண்டும் என்பதால் இப்போது எடுத்து இந்த உறைக்குள் வைக்கிறேன். சுண்டல் காகிதத்தைக்கூட விடாதவள் நான் என்று உனக்குத் தெரியும். இதை நான் படிக்கவில்லை. நான்காக மடித்திருக்கிறார், மடிப்பை மட்டும் எண்ணினேன்.